பெரிய ஐயா கேட்ட காற்று

சில வருடங்களுக்கு முன், ஐப்பசி மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்த ஒரு சனிக்கிழமை. கச்சிராயபாளையத்தைத் தாண்டி, கல்வராயன் மலை அடிவாரத்தில் ஒரு சிற்றூர். அங்கே எங்கள் கிறிஸ்தவ சபையார் புதிதாக ஒரு சின்னக் கோயில் கட்டியிருந்தார்கள். அன்று அதன் பிரதிஷ்டை. நான் அவ்வளவு பயந்த நாள் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

நான் கள்ளக்குறிச்சியில் மைக் செட் வாடகைக்கு விடுகிறவன். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. ஒருவரிடம் எடுபிடியாக இருந்து வேலை கற்றுக்கொண்டு, பிறகு சொந்தமாக ஆம்ப்ளிஃபயர், பாக்ஸ், கோன் ஸ்பீக்கர், ஒரு பழைய ஜெனரேட்டர் என்று கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தேன். ஊரெல்லாம் பேசுவதற்கு மைக் கொடுக்கிறேனே தவிர, நான் அதில் பேசியதில்லை. மற்ற செட்காரர்கள் ‘ஹலோ, மைக் டெஸ்டிங்’ என்பார்கள். நான் விரலால் இரண்டு தட்டு தட்டிவிட்டு இறங்கிவிடுவேன். நாலு பேர் திரும்பிப் பார்த்தாலே எனக்குக் காது சூடாகிவிடும். கூட்டத்துக்குப் பின்னால் ஏதாவது மரத்தடியில் உட்கார்ந்து, யார் கண்ணிலும் படாமல் செய்கிற வேலை என்பதால்தான் இந்தத் தொழில் எனக்குப் பிடித்தது.

அன்று வரவிருந்தவர் எங்கள் சபைகளுக்கெல்லாம் தலைவர். பள்ளிக்கூடம், விடுதி, வேலை, மாற்றல் எல்லாமே அவர் கையெழுத்தில் நடப்பவை. எந்த ஆபீசுக்குப் போனாலும் எழுந்து நாற்காலி போடுவார்கள். எங்கள் பக்கத்தில் அவரைப் ‘பெரிய ஐயா’ என்போம். அவரை நான் அதுவரை தூரத்தில் இருந்துதான் பார்த்திருக்கிறேன். பக்கத்தில் போகத் தைரியம் வந்ததில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். அப்போது சபைக்குள் இரண்டு கோஷ்டி இருந்தது. பெரிய ஐயாவுக்கு ஆதரவாக ஒன்று, எதிராக ஒன்று. அதற்கு முந்தின மாதம்தான் எதிர்க் கோஷ்டி எலவனாசூர்கோட்டைப் பக்கம் ஒரு கூட்டம் போட்டிருந்தது. அதற்கும் நான்தான் மைக் கட்டினேன். மைக் செட்காரனுக்கு ஏது கோஷ்டி? கூப்பிட்ட இடத்துக்குப் போவேன், கழற்றிக்கொண்டு வருவேன். இது பின்னால் என் கழுத்தைப் பிடிக்கும் என்று நான் நினைக்கவில்லை.

கோயில் சின்னது, கூட்டம் பெரிது. மலையில் இருந்தும் பிக்கப் வண்டிகளில் சனங்கள் இறங்கி வந்திருந்தார்கள். அதனால் கூட்டத்தை வெளியே களத்து மேட்டில் வைத்தார்கள். எங்கள் பக்கத்தில் மேடைக்கென்று தனியாகப் பலகை தேட மாட்டார்கள். மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குக் கரும்பு ஏற்றிப் போகிற டிராக்டர் டிரெய்லரைக் கொண்டுவந்து நிறுத்தி, முன்பக்கத்தை மரக்கட்டைமேல் தாங்கவைத்து, சிவப்புக் கம்பளத்தை விரித்தால் மேடை ஆகிவிடும். ஏறி இறங்க ஒரு மர பெஞ்ச். டிரெய்லரைக் கொடுத்தவர் அந்த ஊர்க் கமிட்டிக்காரர், கரும்பு விவசாயி. வெள்ளை வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு அங்கும் இங்கும் ஓடி, எல்லாவற்றையும் அவர்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

திருவிருந்து மேசையை அன்று டிரெய்லர்மேல் வைத்திருந்ததால் யாரும் செருப்போடு ஏறவில்லை. பெரிய ஐயாவும் ஷூவைக் கழற்றி பெஞ்சுக்குக் கீழே வைத்துவிட்டு வெறுங்காலோடுதான் ஏறினார். விடியற்காலையில் பெய்த தூறலில் கம்பளம் ஈரமாகவே இருந்தது.

கூட்டம் தொடங்கியபோது மழை போய் வெயில் சுள்ளென்று அடித்தது. ஒரே புழுக்கம். காலையில் இருந்து கரண்ட் இல்லை. என் ஜெனரேட்டர்தான் ஓடிக்கொண்டிருந்தது. உள்ளூர்ப் போதகர் பேசினார். பெண்கள் பாடினார்கள். மைக் நன்றாகவே வேலை செய்தது. பெரிய ஐயா பேச எழுவதற்குக் கொஞ்சம் முன்னால் மேடையில் ஒரு சலசலப்பு. யாரோ எதையோ தூக்கிக்கொண்டு ஏறினார்கள். சால்வை, மாலை என்று ஏதோ நடக்கிறது என நினைத்துக்கொண்டேன். நான் கூட்டத்துக்குப் பின்னால், வேப்ப மரத்தடியில் இருந்தேன். சரியாகத் தெரியவில்லை.

பெரிய ஐயா எழுந்து மைக்கைக் கையில் எடுத்தார். “ஸ்தோத்...” என்றார். அதற்குமேல் வார்த்தை வரவில்லை. எல்லா ஸ்பீக்கரிலும் ஒரு உறுமல் கேட்டது. தலைகளுக்கு மேலே அவருடைய கை மைக்கோடு ஒட்டிக்கொண்டு வெடவெடவென்று ஆடுவது தெரிந்தது. அவர் தொண்டையில் இருந்து வந்த சத்தம் கோன் ஸ்பீக்கர் வழியாக மலை வரைக்கும் போனது. என்ன நடக்கிறது என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. பாய்ந்துபோய் ஜெனரேட்டரை நிறுத்தினேன்.

நிறுத்தியதும் எல்லாம் அடங்கிவிட்டது. அந்த அமைதியில் அவர் டிரெய்லர்மேல் விழுந்த சத்தம் மட்டும் தனியாகக் கேட்டது. ஒரு பெண் வீலென்று கத்தினாள். பிறகு எல்லோரும் கத்தினார்கள். அவர் வந்த காரிலேயே அவரைத் தூக்கிப் போட்டுக்கொண்டு கள்ளக்குறிச்சிக்குப் பறந்தார்கள். கார் திரும்பும்போது கதவுக்கு வெளியே அவருடைய வெறுங்கால் ஒன்று தொங்கியதைப் பார்த்தேன். உயிர் இருக்கிற காலா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை.

கார் மறைந்ததும் கூட்டம் என் பக்கம் திரும்பியது.

முதலில் வந்தவர் கமிட்டிக்காரர். வந்த வேகத்தில் கன்னத்தில் ஒன்று விட்டார்.

“இன்னாடா பண்ண எங்க ஐயாவ? போன மாசம் அவனுங்க மீட்டிங்குக்கும் நீதான மைக்கு கட்ன? இன்னா சொல்லி அனுப்ச்சானுங்க?”

நான் ஒன்றும் செய்யவில்லை என்று சொன்னேனா என்றுகூட நினைவில்லை. யாரோ என் செல்போனைப் பிடுங்கினார்கள். ஒருவர் என் ஆம்ப்ளிஃபயரைக் காலால் தள்ளினார்.

“ஸ்டேஷனுக்குப் போன் போடுப்பா.”

“இரு, இரு. ஐயாவுக்குக் கண்ணு தொறக்கட்டும். அவரு ஒரு வார்த்த சொன்னா பெரிய ஆபீசருங்களே எறங்கி வருவாங்க. நம்ம போயி இன்னாத்துக்கு மனு எழுதிக்கினு?”

அந்தப் பேச்சு எனக்கு அடியைவிடப் பயமாக இருந்தது. என்னைக் கோயிலுக்குப் பின்னால், சமையல் பாத்திரங்கள் வைக்கிற அறையில் தள்ளிக் கதவைச் சாத்தினார்கள்.

உள்ளே அண்டாக்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்தேன். அவர்கள்மேல் எனக்குக் கோபமே வரவில்லை. ஏனென்றால் நானும் அவர்களைப் போலவே, மைக்தான் அடித்திருக்கிறது என்று நம்பினேன். எர்த் கம்பியைத் தரையில் நன்றாக அடித்துத் தண்ணீர் ஊற்றினேன். வயரெல்லாம் பார்த்தேன். எங்கே தப்பு? யோசிக்க யோசிக்க, பார்த்த வயரெல்லாம் பார்க்காதது போலத் தோன்றியது. அவர் செத்துப்போனால் என்ன ஆகும்? என் மனைவிக்கு யார் சொல்வார்கள்? அவள் அன்று களை வெட்டப் போயிருந்தாள். ஜெபம் பண்ணப் பார்த்தேன். ‘ஆண்டவரே’ என்பதற்குமேல் எதுவும் வரவில்லை.

ஜன்னலில் மலை தெரிந்தது. மேகம் பாதி மலைக்கு இறங்கி நின்றது. வெளியே வண்டிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் போலீஸ் என்று எழுந்து நின்றேன்.

நடுவில் ஒருமுறை யாரோ, “ஐயா பூட்டாராம்ப்பா” என்று சொல்லிக்கொண்டு போனது காதில் விழுந்தது. பெண்கள் அழுகிற சத்தம் வந்தது. நான் எழுந்து கதவைத் தட்டப் போனேன், ஆனால் தட்டவில்லை. அப்படியே சுவரில் சரிந்தேன். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு குரல், “எவன்டா சொன்னது? ஊசி போட்டுப் படுக்க வச்சிருக்காங்க” என்று அதட்டியது. எதை நம்புவது என்று தெரியவில்லை.

பிறகு கதவு கொஞ்சம் திறந்தது. சமையலுக்கு வந்திருந்த மலைக்காரப் பெண் ஒருத்தி, ஒரு தட்டில் சோறும் ஒரு சொம்பு தண்ணீரும் வைத்தாள்.

“சாப்புடுங்கண்ணா.”

வேண்டாம் என்று தலையை ஆட்டினேன்.

“அட, சாப்புடுங்க. நாளைக்கு அடிச்சாங்கன்னா அடி வாங்கறதுக்காச்சும் தெம்பு வேணாமா?” என்றாள். சிரிப்புக்குச் சொன்னாளா, நிஜமாகவே சொன்னாளா தெரியவில்லை. தண்ணீரை மட்டும் குடித்தேன்.

வெயில் சாய்கிற நேரத்தில் ஒரு கார் வந்து நின்றது. சத்தமெல்லாம் சட்டென்று அடங்கியது. கொஞ்ச நேரம் கழித்து ஒரு குரல் கேட்டது.

“எங்க அந்த மைக் செட்காரரு?”

ஐயாவின் குரல்தான். உயிரோடுதான் இருக்கிறார் என்று தெரிந்ததும் எனக்கு அழுகை வந்தது. அடுத்த நொடியே, இனி என்ன சொல்லப்போகிறாரோ என்ற பயம் வந்து அதை அடக்கிவிட்டது. கதவைத் திறந்தார்கள். பெரிய ஐயா வாசலில் நின்றிருந்தார். வலது உள்ளங்கையில் கட்டு. முகம் வெளுத்திருந்தது. ஒரு ஆள் அவர் தோளைத் தாங்கியிருந்தார். ஆஸ்பத்திரியில் இருக்கச் சொல்லியும் கேட்காமல் கிளம்பி வந்திருக்கிறார்.

நான் அவர் காலில் விழப் போனேன்.

“வுழாதீங்க. ஒங்கள தூக்கி வுட எனக்குத் தெம்பு இல்ல” என்றார். அவர் எங்கள் மாவட்டத்துக்காரர்தான். எவ்வளவு பெரிய பதவிக்குப் போயும் பேச்சு மாறவில்லை. பிறகு சுற்றி இருந்தவர்களைப் பார்த்தார். “ஜெனரேட்டர நிறுத்தனது யாரு?”

நான்தான் என்று சொல்லக்கூடப் பயமாக இருந்தது. ஒருவழியாக, “நானுங்க ஐயா” என்றேன்.

“இன்னும் கொஞ்சம் லேட்டாயிருந்தா டாக்டருக்கு வேல கம்மியாயிருக்கும்” என்றார். யாருக்கும் சிரிப்பு வரவில்லை. அவர் என் கன்னத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அது வீங்கியிருந்தது. யார் அடித்தது என்று கேட்கவில்லை.

“காலையில எப்படி இருந்துச்சோ அப்படியே ஓட்டுங்க. எதையும் மாத்தாதீங்க. எங்கேருந்து வந்துச்சுன்னு பாப்போம்.”

பயத்தில் அதுவரை யாரும் மேடைப் பக்கமே போகவில்லை. எல்லாம் போட்டது போட்டபடி கிடந்தது. ஜெனரேட்டரை ஓடவிட்டு டெஸ்டரை எடுத்தேன். கரண்ட் இருந்தால் அதில் சின்னதாக ஒரு சிவப்பு விளக்கு எரியும். ஊரே என்னைச் சுற்றி நின்றது. மர பெஞ்சில் ஏறி நின்று, டிரெய்லரில் படாமல் கையை நீட்டி, முதலில் மைக்கைத் தொட்டேன். எரியவில்லை. மறுபடி தொட்டேன். எரியவில்லை. எனக்கே நம்பிக்கை வரவில்லை. கீழே இறங்கி, எதற்கும் பார்ப்போம் என்று டிரெய்லரின் இரும்பில் வைத்தேன். பளிச்சென்று எரிந்தது.

டிரெய்லர் முழுக்கக் கரண்ட் இருந்தது. ரப்பர் டயரும் மரக்கட்டையும் தாங்கி நின்றதால் மேலே இருந்தவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. மைக்கோ எர்த் கம்பி வழியாகத் தரையோடு சேர்ந்தது. ஈரக் கம்பளத்தில் வெறுங்காலோடு நின்று அவர் மைக்கைப் பிடித்ததும், கரண்ட் அவர் உடம்பு வழியாக இறங்கியிருக்கிறது.

ஜெனரேட்டரை நிறுத்திவிட்டு மேலே ஏறிப் பார்த்தேன். ஐயாவின் நாற்காலிக்குப் பின்னால் பழைய இரும்பு ஃபேன் ஒன்று நின்றது. நான் வைத்தது இல்லை. அதன் வயருக்கு பிளக்கே கிடையாது. முனையைச் சீவி, டியூப் லைட்டுக்காக நான் வைத்திருந்த பிளக் பாக்ஸில் செருகி, தீக்குச்சி வைத்து இறுக்கியிருந்தார்கள். ஃபேனுக்கு உள்ளேயும் வயர் தேய்ந்து இரும்பில் பட்டுக்கொண்டிருந்தது; அதன் அடியில் இருந்த ஈரக் கம்பளம் வழியாகத்தான் டிரெய்லருக்குக் கரண்ட் இறங்கியிருக்கிறது.

“இது யார் வூட்டு ஃபேனு?” என்று யாரோ கேட்டார்கள்.

கமிட்டிக்காரரின் முகத்தைப் பார்த்தேன். அந்த முகத்தை நான் இன்றைக்கும் மறக்கவில்லை. பாத்திர அறையில் கண்ணாடி இருந்திருந்தால் என் முகமும் அப்படித்தான் தெரிந்திருக்கும்.

“ஐயா... வேர்க்குதுன்னு சொன்னீங்களேன்னுதாங்க... வூட்டுக்கு ஓடிப் போயி...” என்றார் கமிட்டிக்காரர்.

காலையில் என்னைச் சூழ்ந்த அதே கூட்டம் இப்போது அவரைச் சூழ்ந்தது. “நீ பண்ணிட்டு அந்த ஆள அடிச்சியா?” என்று ஒருவர் அவர் சட்டையைப் பிடித்தார். “இவன்தான்யா அந்தக் கோஷ்டி” என்றது இன்னொரு குரல்.

“வுடுங்க அவர” என்றார் பெரிய ஐயா. சத்தமாகச் சொல்லவில்லை. ஆனாலும் கை விலகியது.

அவர் மர பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். நிற்க முடியவில்லை போலும்.

“ஃபேன் கொண்டாந்தது அவரு. கேட்டது நானு. இம்மாம் சனம் வெயில்ல உக்காந்துகினு இருந்துச்சு. கைக்கொழந்தைங்கள வச்சிகினு பொம்பளைங்க இருந்தாங்க. எனக்கு மட்டும் வேர்த்துச்சு. ‘காத்தே இல்லியே’ன்னேன். நான் சும்மா சொன்னாலும் அது ஒங்க காதுல உத்தரவாட்டம் வுழும். ஒருத்தரு ஓடுவாருன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் சொன்னேன். அவசரத்துல ஓடனவரு பிளக்கு இருக்கா இல்லியான்னா பாப்பாரு? இவர ஒருத்தரும் ஒரு வார்த்த கேக்கக் கூடாது. போலீசுக்கும் யாரும் போகக் கூடாது. கேக்கணும்னா என்ன கேளுங்க.”

பெரிய பதவியில் இருக்கும் ஒருவர், ஊர் முன்னால் தன்மேல் தானே குற்றம் சொல்லி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. கமிட்டிக்காரர் தரையில் உட்கார்ந்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

மலைச் சனங்கள் சாப்பிட்டுவிட்டுக் கிளம்புவதற்குள் ஒரு ஆசீர்வாதமாவது சொல்ல வேண்டும் என்றார் ஐயா. மைக் வேண்டாம், வாயாலேயே சொல்லுங்கள் என்று போதகர் கெஞ்சினார். கூட்டத்தில் ஒருவர், “மொதல்ல அவனையே புடிக்கச் சொல்லுங்கய்யா, பாப்போம்” என்று என்னைக் காட்டினார்.

ஐயா மெதுவாக எழுந்து என்னிடம் வந்தார். நான் ஃபேனை இறக்கி, பிளக் பாக்ஸைக் கழற்றி, டிரெய்லரை இரண்டு முறை டெஸ்டரால் தொட்டுப் பார்த்திருந்தேன். ஒன்றும் இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் ஆம்ப்ளிஃபயர் சுவிட்சில் வைத்த விரல் அசையவே இல்லை.

எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார்: “எனக்கும் பயமாத்தான் இருக்குதுப்பா. நீங்க சரின்னா புடிக்கிறேன். வாணாம்னா வுட்டுடலாம். நீங்க சொல்றதுதான்.”

அறைக்குள் இருந்தபோதுகூட நான் அப்படிப் பயப்படவில்லை. காலையில் அவர் ஒரு வார்த்தை சொன்னால் என் பிழைப்பு போயிருக்கும். இப்போது நான் சொல்கிற ஒரு வார்த்தையை நம்பி அவர் உயிரைக் கொடுக்க நிற்கிறார். எர்த் கம்பியை அசைத்துப் பார்த்தேன். இன்னும் ஒரு வாளி தண்ணீர் ஊற்றினேன். ஆம்ப்ளிஃபயரைப் போட்டுவிட்டு மேடைக்குப் போய், மைக்கை நானே கையில் பிடித்து விரலால் தட்டினேன். பிறகு, “சரிங்க ஐயா” என்றேன்.

அவர் வெறுங்காலோடு ஏறினார். கட்டுப் போடாத இடது கையை நீட்டினார். அந்தக் கை பாதி வழியில் ஒருமுறை நின்றது; அதற்குப் பிறகுதான் மைக்கைப் பிடித்தார். என் கை ஜெனரேட்டர் சுவிட்ச்மேலேயே இருந்தது. “ஸ்தோத்திரம்” என்றார். காலையில் பாதியில் நின்ற வார்த்தை ஸ்பீக்கர்களில் முழுதாக வந்தது. கூட்டத்தில் பாதிப் பேர் அழுதார்கள். அடுத்து, மைக் செட்காரரிடம் இந்த ஊர் சார்பில் மன்னிப்புக் கேட்கிறேன், முதலில் நான் கேட்கிறேன் என்று ஏதோ சொன்னார். முழுசும் எனக்குக் கேட்கவில்லை. எல்லோரும் திரும்பிப் பார்த்ததால் நான் ஜெனரேட்டருக்குப் பின்னால் குனிந்துவிட்டேன்.

செட்டைக் கழற்றும்போது கமிட்டிக்காரர் வந்து பாக்ஸ்களை வண்டியில் தூக்கி வைத்தார். கடைசியில், “கன்னம் வலிக்குதாண்ணா?” என்று கேட்டார். “இல்லீங்க” என்றேன். வலி இருந்தது. அவரிடம் அதைச் சொல்ல மனம் வரவில்லை.

அதன் பிறகு பெரிய ஐயாவின் எத்தனையோ கூட்டங்களுக்கு மைக் கட்டினேன். வந்ததும் நேராக என்னிடம் வந்து, “எர்த்து போட்டாச்சா?” என்று கேட்டுவிட்டுத்தான் மேடைக்குப் போவார். மேடையில் வேர்த்துக் கொட்டினாலும் வாயைத் திறக்க மாட்டார். சத்தமில்லாமல் கைக்குட்டையை எடுப்பார். ஒருமுறை யாரோ அவருக்கு மட்டும் இளநீர் கொண்டுவந்தபோது, சுற்றிப் பார்த்துவிட்டு, முன்வரிசையில் பிள்ளையை மடியில் வைத்திருந்த ஒரு பெண்ணிடம் கொடுக்கச் சொன்னார். இப்போது அவர் பதவியில் இல்லை. கூட்டங்களுக்கு வந்தால் பின்னால், என் பக்கத்தில் உட்காருகிறார்.

செல்வாக்கு என்பது பெரிய மனிதர்களிடம் மட்டும்தான் இருக்கும், என்னைப் போன்றவன் அதற்குப் பயப்பட மட்டும்தான் முடியும் என்று நினைத்திருந்தேன். ஆனால் வேலை முடிந்து களைத்து வந்து, ‘இன்னா, சோறு ஆறிப் போச்சே’ என்று நான் முணுமுணுத்தால், தன் தட்டை அப்படியே வைத்துவிட்டு அடுப்பு மூட்ட எழுந்து ஓடுகிற ஒருத்தி என் வீட்டிலும் இருக்கிறாள். அன்றிலிருந்து, அந்த மாதிரி ஒரு வார்த்தை வாயில் வரும்போதெல்லாம் டிரெய்லர் இரும்பில் டெஸ்டர் பளிச்சென்று எரிந்தது நினைவுக்கு வந்துவிடுகிறது. ஆறிய சோற்றைப் பேசாமல் பிசைந்து சாப்பிட்டுவிடுகிறேன்.